வலது தோள்

அத்தியாயம் 11

அந்த ஒரு அறைக்காகத் தையல்காரியை நீங்கள் திட்டாத திட்டு இல்லை. வந்த கடிதங்களில் பாதி, "பெற்ற பிள்ளையை இப்படியா அடிப்பாள் ஒருத்தி?" என்றுதான் ஆரம்பிக்கின்றன. அவள் சார்பில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களைவிட மோசமாக அவளே தன்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவள் வீம்பு அப்படி.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாக: கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, உள்ளே இருந்தபடி, "அடுப்பை அணைடீ" என்று மூன்று முறை கத்தினாள் தையல்காரி. கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்த மூத்தவள் அசையவில்லை. பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை. ஓடி வந்தவளின் கை, யோசிப்பதற்குள் பிள்ளையின் கன்னத்தில் இறங்கிவிட்டது.

மூத்தவளுக்கு ஏழு வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் மைக்செட். அவள் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்வார். 'மெதுவாப் பேசு' என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அந்தப் பெயரை வைத்தவர் அப்பா ஃபோர்மேன்தான்.

அறை விழுந்த நாளிலிருந்து மைக்செட் அம்மாவிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். எல்லாம் அப்பா வழியாகத்தான்.

"அப்பா, என் சாக்ஸ் காணோம்னு அம்மாகிட்ட சொல்லுங்க."

"கட்டிலுக்கு அடியில பாக்கச் சொல்லுங்க" என்பாள் தையல்காரி, இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.

நடுவில் தபால்காரன் வேலை பார்த்துப் பார்த்து ஃபோர்மேன் ஓய்ந்துபோயிருந்தார்.

இன்று குழந்தைக்குக் காது டெஸ்ட். பிறந்த மறுநாளே ஆஸ்பத்திரியில் ஒரு தடவை எடுத்தார்கள். தேறவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்க்கலாம், பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பயப்படாதீர்கள் என்று சொன்ன பிறகு யாரால்தான் பயப்படாமல் இருக்க முடிகிறது? அந்த ஒரு மாதமும் தையல்காரி பிள்ளையின் காதருகே கைதட்டினாள், கரண்டியைக் கீழே போட்டாள், கதவை அறைந்தாள். அவன் சில சமயம் திடுக்கிட்டான், சில சமயம் கொட்டாவி விட்டான்.

அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. பிரசவத்துக்கு முந்தின வாரம்வரை யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். வரிசையாக முப்பது மெஷின். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இரைச்சல் மண்டைக்குள் ஓடும்.

"வயித்துல இருக்கும்போதே அந்தச் சத்தம் பிள்ளையைக் கெடுத்துடுச்சுங்க. நான்தான் கெடுத்தேன். லீவு போடுன்னு நீங்க சொன்னீங்க" என்று காலையில் தலை வாரும்போதுகூடச் சொன்னாள்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆயிருக்காது. கிளம்பு" என்றார் ஃபோர்மேன்.

பள்ளிக்கூடம் லீவு. மைக்செட்டை வீட்டில் விட ஆள் இல்லை. அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

"அப்பா, தம்பி டெஸ்ட்ல ஃபெயிலா?"

பஸ்ஸில் இருந்த எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள்.

"மெதுவாப் பேசு கண்ணு. ஃபெயில் எல்லாம் இல்ல. இன்னொரு தடவை எடுக்குறாங்க."

"அவனுக்கு எப்படிப்பா சொல்லிக் குடுப்பீங்க? அவனுக்கு உக்காரவே தெரியாதே!"

ஃபோர்மேன் சட்டென்று மனைவியைப் பார்த்தார். அவள் குழந்தையின் குல்லாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் மகளின் தலையைத் தடவி ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், வரிசையாக நாற்காலி போட்ட நீண்ட நடை. இவர்களுக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி. டெஸ்ட் முடிந்து வெளியே வந்த பெரியவர் முகத்தை உம்மென்று வைத்திருந்தார். அவர் மனைவி எல்லாருக்கும் சேர்த்து அறிவித்தாள்: "இத்தனை வருஷமா நான் பேசினதுல பாதி இவருக்குக் கேக்கவே இல்லையாம். கேட்டும் கேக்காத மாதிரி இருக்காருன்னுல்ல நான் நினைச்சேன்! அநியாயமாத் திட்டிட்டேனே மனுஷனை!"

நடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தையல்காரியும் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

காது டெஸ்ட் எடுக்கும் பெண் சின்ன வயசுக்காரி. மூக்குக்கண்ணாடி, கையில் பெரிய வாட்ச், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத சுறுசுறுப்பு. அவள் படிப்புக்குப் பெயர் நீளம். நாம் சோதனைக்காரி என்றே வைத்துக்கொள்வோம்.

"பாப்பா தூங்குறானா? ரொம்ப நல்லது. தூங்கும்போதுதான் இதைச் சரியா எடுக்க முடியும்."

மெல்லிய ஒயர் முனையில் பட்டாணி அளவு ரப்பர் மூடி. அதைக் குழந்தையின் காதில் வைத்தாள்.

"இதுல அவன் ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. இது சின்னதா ஒரு சத்தம் அனுப்பும். காது நல்லா இருந்தா உள்ளேயிருந்து தானா ஒரு பதில் வரும். அதை மெஷினே கேட்டு எழுதிக்கும்."

தையல்காரி மூச்சை அடக்கிக்கொண்டு திரையையே பார்த்தாள். வலது காது: பச்சை. இடது காது: கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு பச்சை.

"ரெண்டு காதும் நல்லா இருக்கு. பிறந்த புதுசுல காதுக்குள்ள கொஞ்சம் தண்ணி இருந்திருக்கும். அதான் அன்னிக்கு வரல."

தையல்காரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "நான் மெஷின்ல... மாசமா இருக்கும்போது..."

"இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

"தம்பிக்கு வலிச்சுதா?" என்று மைக்செட் கேட்டாள். கேட்ட வேகத்தில் தம்பி தூக்கிவாரிப்போட்டு விழித்து, வீல் என்று கத்தினான்.

"கேக்குதுன்னு இதைவிட வேற சாட்சி வேணுமா?" என்று சோதனைக்காரி சிரித்தாள். "வலிக்கவே வலிக்காது. நீயே பாக்குறியா?"

மைக்செட் ஆசையாகத் தலையாட்டினாள். பெரிய மூடியாக மாட்டி அவள் காதில் வைத்தாள் சோதனைக்காரி. விளையாட்டாக ஆரம்பித்ததுதான். திரையில் பச்சை வரவில்லை. மூடியை எடுத்துத் துடைத்து மறுபடியும் வைத்தாள். வரவில்லை. மறு காதில் வைத்தாள். அங்கேயும் இல்லை. சின்ன விளக்கு ஒன்றை எடுத்து இரண்டு காதுக்குள்ளும் பார்த்தாள்.

"அழுக்கு எதுவும் இல்லையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டவள், தையல்காரி பக்கம் திரும்பினாள். "இவ எப்பவும் இப்படிச் சத்தமாத்தான் பேசுவாளா?"

"பேச ஆரம்பிச்சதுல இருந்தே அப்படித்தான்."

"கூப்பிட்டா திரும்பிப் பாப்பாளா?"

"அவளுக்கு இஷ்டம் இருந்தா பாப்பா. திமிருன்னு டீச்சர்கூடச் சொன்னாங்க."

"ஸ்கூல்ல காது டெஸ்ட் எடுப்பாங்களே?"

"ரெண்டு வருஷமா எடுத்தாங்க. ரெண்டு தடவையும் ஃபுல் மார்க். ஸ்டார் ஒட்டி அனுப்பினாங்க."

"அப்போ இந்த மெஷின்தான் ஏதோ தகராறு பண்ணுது. எதுக்கும் உள்ளே வெச்சு ஒரு தடவை எடுத்துடலாம்."

மூலையில், தடித்த கதவும் சின்னக் கண்ணாடி ஜன்னலும் வைத்த ஓர் அறை இருந்தது. ஓர் ஆள் உட்காரலாம். பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்று நாற்காலியை ஜன்னலைப் பார்த்தே போட்டிருந்தார்கள். மைக்செட் பழகினவள்போல உள்ளே போய் உட்கார்ந்து, ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டாள். கையில் பொத்தான். சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் அதை அமுக்க வேண்டும். அமுக்கினால் வெளியே மேஜைமேல் ஒரு விளக்கு எரியும்.

சோதனைக்காரி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆரம்பித்தாள். ஃபோர்மேன் அவளுக்குப் பின்னால் நின்றார்.

விளக்கு எரிந்தது. மறுபடியும் எரிந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

தையல்காரி நிம்மதியாகச் சுவரில் சாய்ந்தாள். ஃபோர்மேன் மட்டும் ஜன்னலை நோக்கிக் குனிந்தார். மகளின் கண் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. சோதனைக்காரியின் முகத்தில் இல்லை. கையில் இல்லை. வலது தோளில் நின்றது.

அவர் வேலை பார்ப்பது தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில். அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை காது டெஸ்ட் எடுக்கும் வண்டி வரும். தேறாதவனை ஷெட்டிலிருந்து தூக்கிக் குடோனில் போட்டுவிடுவார்கள். குடோனுக்குப் போனவன் திரும்பி வந்ததில்லை. அதனால் ஷெட்டுக்குள் ஒரு வித்தை கைமாறிக்கொண்டே இருந்தது. பிரஸ்ஸில் டை அச்சு மாட்டச் சொல்லிக்கொடுப்பதைப்போல இதையும் புதிதாக வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். வண்டியில் டெஸ்ட் எடுக்கும் நர்ஸ் கையை மேஜைக்குக் கீழே மறைத்துக்கொள்ளலாம். தோளை மறைக்க முடியாது. சத்தம் அனுப்பும்போது வலது தோள் ஒரு நூல் இறங்கும். இறங்கினதும் அமுக்கு.

ஃபோர்மேன் அப்படித்தான் ஒவ்வொரு வருஷமும் தேறினார். போகப் போக, தான் கேட்டு அமுக்குகிறோமா, பார்த்து அமுக்குகிறோமா என்பது அவருக்கே தெரியாமல் போனது. அதைப்பற்றி அவர் யோசிப்பதும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் முதல் டெஸ்ட் என்றதும் மைக்செட் அழுதாள். சமையலறையில் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "எனக்குச் சத்தம் கேக்கலைன்னா என்னப்பா பண்றது?"

பிள்ளை வாயைத் திறந்து சொல்லியிருக்கிறது. அவருக்கு அது பரீட்சை பயமாகத்தான் பட்டது. அவருக்கு இருந்த அதே பயம். டி.வி. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்து, விளையாட்டுப்போலச் சொல்லிக்கொடுத்தார். அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள். "இது நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும் ரகசியம்" என்றார். ஸ்டாரோடு அவள் வந்தபோது பெருமையாக இருந்தது. நினைக்க நினைக்க இப்போது அவருக்கு உடம்பு கூசியது.

சோதனைக்காரி எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். "சூப்பர்! இவ்வளவு மெல்லிசு எனக்கே கேக்காது. அந்த மெஷினைத்தான் சர்வீஸுக்கு விடணும். ஆறு மாசம் கழிச்சு எதுக்கும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, போதும்."

சொல்லிவிடு என்றது மனசு. சொன்னால் இந்த வித்தை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்டால் ஷெட்டில் நடப்பது வெளியே வரும். ஷெட்டுக்கு அப்புறம் குடோன். ஃபோர்மேன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். ஆமாம், மாட்டிக்கொண்டார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிமிஷத்தில் அவர் கிளம்பத்தான் பார்த்தார்.

தையல்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள். இந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாக நேராகப் பேசினாள்.

"பாத்தியா? காதுல ஒரு குறையும் இல்ல. அப்போ அன்னிக்கு நான் கத்தினது உனக்குக் கேட்டிருக்கு. வேணும்னேதானே அடுப்பை அணைக்காம உக்காந்திருந்தே?"

மைக்செட் அப்பாவைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கும் பார்வை இல்லை அது. டெஸ்ட் நன்றாகச் செய்தேன், அதற்கும் ஏன் திட்டு விழுகிறது என்று புரியாமல் பார்த்தாள்.

ஃபோர்மேனால் அதைத் தாங்க முடியவில்லை.

"மேடம்" என்றார். பையைக் கீழே வைத்தார். "அந்தச் சேரைச் சுவத்துப் பக்கமாத் திருப்பிப் போட்டு எடுங்க."

"ஏன் சார்?"

"அவ உங்க தோளைப் பாத்து அமுக்குறா."

சோதனைக்காரி அவரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. உள்ளே போய் நாற்காலியைத் திருப்பினாள். மைக்செட்டை உட்கார வைத்து, அவள் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னாள்: "சத்தம் கேட்டா மட்டும் அமுக்கணும். கேக்கலைன்னா அமுக்கக் கூடாது. கேக்கலைன்னா யாரும் திட்ட மாட்டாங்க. சரியா?"

கதவு மூடியது. ஜன்னல் வழியே இரட்டைச் சடையும் சட்டைக் காலரும் மட்டும் தெரிந்தன.

சோதனைக்காரியின் தோள் இறங்கியது. விளக்கு எரியவில்லை.

சத்தத்தைக் கூட்டினாள். எரியவில்லை. இன்னும் கூட்டினாள். தோள் இறங்கி இறங்கி ஏறியது, மேஜைமேல் விளக்கு செத்துக் கிடந்தது. தையல்காரி சுவரை விட்டு மெல்ல முன்னால் வந்தாள்.

அப்போது ஸ்பீக்கரில் மைக்செட்டின் குரல் வந்தது, வழக்கமான சத்தத்தோடு:

"அக்கா! எப்போ ஆரம்பிப்பீங்க?"

சோதனைக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குமிழை நன்றாகத் திருகினாள். அதற்கப்புறம் ரொம்ப நேரம் கழித்துத்தான் விளக்கு முதல் தடவையாக எரிந்தது.

"ரெண்டு காதுலயும் பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. நேரா நின்னு பேசினா வாயைப் பாத்துப் புரிஞ்சுக்குவா. பின்னாடியிருந்து கூப்பிட்டா கேட்டிருக்காது. காதுல மெஷின் மாட்டினா நல்லாக் கேக்கும், பயப்படாதீங்க. என்ன, ரெண்டு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கலாம்."

தையல்காரி வெளியே வந்த மகளைத்தான் கேட்டாள். "யாருடீ உனக்கு இப்படிப் பாக்கச் சொல்லிக் குடுத்தது?"

"சொல்ல மாட்டேன்."

"நான்தான்" என்றார் ஃபோர்மேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு மகள் எதிரே மண்டி போட்டு உட்கார்ந்தாள். அன்று அறைந்த கன்னத்தைத் தொடப் போனவள் கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"உள்ளேயிருந்து கத்தினேன். மூணு தடவையும் உள்ளேயிருந்தேதான் கத்தினேன்" என்றாள், யாரிடமோ முறையிடுகிறவள்போல. பிறகு மகளைப் பார்த்து, "அம்மா தப்புப் பண்ணிட்டேன்டா. தெரியாம அடிச்சிட்டேன்" என்றாள்.

மைக்செட் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வார்த்தைவரை பார்த்துவிட்டு, சமாதானம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்: "நீ மூஞ்சியைக் காட்டிப் பேசினா எனக்குக் கேக்கும்மா."

தையல்காரி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சோதனைக்காரி எதையோ எடுக்கிறவள்போல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஃபோர்மேனால் அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. பச்சைக் குழந்தையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

அழுது முடித்த தையல்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னது?"

"தோளைப் பாக்குற வித்தை."

"ஷெட்டுல எல்லாருக்கும் தெரியும்."

"நான் எல்லாரையும் கேக்கல. உங்களைக் கேக்குறேன்."

அவர் குழந்தையின் குல்லாயைச் சரிசெய்தார். அதுவே பதிலாகிவிட்டது. டி.வி. சத்தத்தை அவர் கூட்டுவதும், போனை எப்போதும் இடது காதிலேயே வைப்பதும் அவளுக்கு வரிசையாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சோதனைக்காரியிடம் திரும்பி, "மேடம், இவருக்கும் ஒண்ணு எடுத்துடுங்க" என்றாள்.

"இப்ப எதுக்கு? நாளன்னைக்குக் கம்பெனிக்கே வண்டி வருது. அங்கே பாத்துக்கலாம்."

"அங்கே நீங்க பாஸ் பண்ணிடுவீங்க. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

ஃபோர்மேன் சோதனைக்காரியைப் பார்த்தார். அவர் கேட்காத கேள்வி அவளுக்குப் புரிந்தது. "இங்கே எடுக்குறது உங்களுக்கு மட்டும்தான் சார். உங்க கம்பெனிக்கு நான் ஒண்ணும் அனுப்ப மாட்டேன். அங்கே என்ன செய்யணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

முடிவு பண்ணுவது அவர்தான். அதுதானே கஷ்டம். தெரியாமல் அமுக்கினது வேறு, தெரிந்த பிறகு அமுக்குவது வேறு. ஷெட்டில் அவரோடு பிரஸ் ஓட்டும் பிள்ளைகளுக்கும் அவர்தான் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர்கள் முகம் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தது. தையல்காரி கையை நீட்டினாள். குழந்தையை அவளிடம் கொடுத்தார்.

மைக்செட்டுக்கு ஒரே குஷி. அப்பா டெஸ்ட் எழுதப்போகிறார்! அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். சுவரைப் பார்த்துக் கிடந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தாள். ஹெட்போனை அவர் தலையில் வைத்து, ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சோதனைக்காரி தனக்குச் சொன்னதைப்போலவே முகத்துக்கு நேரே நின்று சொன்னாள்.

"சத்தம் கேட்டா மட்டும் அமுக்குங்கப்பா. கேக்கலைன்னா அமுக்கக் கூடாது."

"சரிடா."

"கேக்கலைன்னா பரவாயில்ல. யாரும் திட்ட மாட்டாங்க."

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சமையலறையில், மடியில் உட்கார்ந்து அழுத பிள்ளையிடம் சொல்ல அவருக்கு இந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. ஃபோர்மேன் தலையைக் குனிந்துகொண்டார். மகள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.